'அம்மாவுக்கு இப்ப சரியான கோபம்'

இரவில் அம்மா எழும்பி ஃபேனைக் கூட்டி வைக்கிறா. உடுப்பெல்லாம் வியர்வையில நனைஞ்சிருக்கு. பகலில் சின்ன விசயத்துக்கும் சினக்கிறா. 'வயசு போகுது, அதுதான்' எண்டு நாங்களும் கடந்துபோயிடுறம். அந்த 'அதுதான்' எப்படி மருத்துவத்துக்குள் வந்தது என்று தேடினால், அங்கேயும் பெண்களிடம் கேட்காமலே நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள்.

'மெனோபோஸ்' என்ற சொல்லைத் தந்தவர் சார்ள்ஸ் த கார்டான் என்ற பிரெஞ்சு வைத்தியர். 1816இல் எழுதிய நூலில் சற்று வேறு வடிவில் இருந்த சொல், 1821இல் இன்றைய வடிவுக்கு வந்தது. மாதவிடாய் நின்றுபோவது அதற்கு முதலும் நடந்ததுதான். ஆனால் பெயர் வந்ததோடு அது வைத்தியரின் கைக்குப் போனது.

பிறகு வியாபாரம். 1942இல் அமெரிக்காவில் 'பிரமரின்' குளிசை விற்பனைக்கு வந்தது. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரஜன் அது. 1966இல் ரொபர்ட் வில்சன் என்ற நியூயோர்க் வைத்தியர் 'ஃபெமினின் ஃபொரெவர்' என்ற நூலை வெளியிட்டார். மெனோபோஸ் ஒரு குறைபாட்டு நோய், ஈஸ்ட்ரஜன் எடுத்தால் என்றும் பெண்ணாக இருக்கலாம் என்பது அவருடைய வாதம். மனைவியோடு இருக்கேலாமல் தவிக்கும் கணவன்மாரின் முறைப்பாடும் அதில் வரும். (யாருக்கு மருந்து எண்டு யோசிக்கத்தான் வேணும்.) அவருடைய நிறுவனத்துக்கு மருந்துக் கம்பனிகள் காசு கொடுத்தது பிறகுதான் பரவலாகத் தெரிந்தது.

1975இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்ட்ரஜனைத் தனியே எடுத்தால் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூடும் என்றன. அதைத் தடுக்க இன்னொரு ஹோர்மோனையும் சேர்த்தார்கள். 2002இல், 16,000க்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய அமெரிக்க ஆய்வொன்றில் அந்தக் கூட்டு மருந்தின் சோதனை இடையில் நிறுத்தப்பட்டது. மார்புப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடியிருந்தன. பயத்தில் ஏராளமான பெண்கள் மருந்தைக் கைவிட்டார்கள். ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள், மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்குபவர்களுக்கு நிலைமை வேறு என்று பிறகு சொன்னார்கள். முதல் எல்லாருக்கும் நல்லது, பிறகு எல்லாருக்கும் கூடாது!

மாகிரட் லொக் என்ற மானிடவியலாளர் செய்தது வேறு. ஜப்பானுக்குப் போய்ப் பெண்களிடமே கேட்டார். 'கோனென்கி' என்று அவர்கள் சொல்லும் அந்தப் பருவத்தில் உடல் வெக்கையைவிடத் தோள் இறுக்கமும் தலையிடியும்தான் பெரிதாக வந்தன. 1993இல் அதை நூலாக்கினார். ஒரே மாற்றம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி உணரப்படுவதில்லை.

எங்கட வீடுகளில் ஒரு விசயம் மட்டும் அவசரம்: ஒரு வருசம் முழுக்க நின்றுபோன பிறகு திரும்ப இரத்தம் பட்டால் உடனே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போகவேணும். மற்றதெல்லாம் கதைச்சுத்தான் தெரியவரும். எங்களில் ஒருத்தி அம்மாவிடம் கேட்டபோது, அவ முதலில் சொன்னது 'கதவைச் சாத்து' எண்டு. பிறகு முக்கால் மணித்தியாலம் கதைச்சா.