பசியாறிட்டு ஏறு

குளுவாங் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தால் முதலில் வருவது ரயில் சத்தமில்லை, ரொட்டி வாசம். நிலையத்தை ஒட்டிய கோப்பிக்கடையில் கரியடுப்பில் வாட்டிய பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெயும் காயாவும் தடவிக் கொடுப்பார்கள். கூடவே ஒரு கோப்பி ஓ. பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குக் கிளம்பும்போதெல்லாம் அப்பாவும் நானும் அங்கேதான் பசியாறுவோம்.

பாட்டி மட்டும் உள்ளே வரமாட்டார். வெளியே பெஞ்சில், மடியில் ஒரு பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பார்.

"கடை ரொட்டி பிடிக்காதா பாட்டி?"

"பிடிக்கும்டா. ஆனா ரயில் ஏறுறவன் கையில வீட்டுச் சாப்பாடு இருக்கணும்."

பிடிவாதம் என்றுதான் நினைத்தேன்.

அந்த ரொட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1909இல். 1923இல் ஜொகூர் பாலத்தின் மேல் தண்டவாளம் வந்ததும் சிங்கப்பூரிலிருந்து நேராகவே வடக்கே போக முடிந்தது. மலாயாவில் இந்தப் பாதைகளைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர் உழைப்பு பெரும்பங்கு. 1938இல் லிம் லுவான் ஹீ என்ற ஹைனானியர் குளுவாங் நிலையத்தில் கடை போட்டார். மற்ற சீனர்களுக்குப் பின்னால் வந்த ஹைனானியர்களுக்கு, பெரிய தொழில்களில் இடம் மிச்சமில்லை. வெள்ளைக்காரர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்களாகச் சேர்ந்தார்கள். துரை வீட்டில் கற்ற டோஸ்ட்டைப் பிறகு தங்கள் கோப்பிக்கடைக்குக் கொண்டுவந்தார்கள். ஜாம் இருக்கவேண்டிய இடத்தில் தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் பாண்டான் இலையும் சேர்ந்த காயா. வேலைக்காரர்கள் துரையின் உணவைத் தங்களுடையதாக்கிக்கொண்ட கதை இது. நான் விரும்பிச் சொல்லும் கதையும்கூட.

ஆனால் கடை வந்து நாலே வருஷத்தில், 1942 ஜனவரியில், ஜப்பான்காரன் குளுவாங்கைப் பிடித்துவிட்டான். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் தண்டவாள அகலம் ஒரே ஒரு மீட்டர்தான். நடுவில் விடுபட்டிருந்த 415 கிலோமீட்டரை இணைத்துவிட்டால் சிங்கப்பூரிலிருந்து பர்மா வரை ரயில் ஓடும். அந்த இணைப்புதான் சயாம் மரண ரயில். 1943 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து 7,000 போர்க்கைதிகளைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, 13 ரயில்களில் அனுப்பினார்கள். ஐந்து நாள் பயணம். வடக்கே போக வேறு பாதை இல்லை. எல்லாம் குளுவாங்கைத் தாண்டித்தான் போயின. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் அப்படித்தான் ஏற்றப்பட்டார்கள். திரும்பாதவர்களில் கைதிகளைவிட ஆசியத் தொழிலாளர்களே பல மடங்கு அதிகம்.

அவர்களில் ஒருவர் பாட்டியின் அண்ணன். பத்தொன்பது வயசு. விடியற்காலைப் பெரட்டுக்குப் போனவரை அங்கிருந்தே லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஸ்டேஷனில் சோறு கிடைக்கும் என்று சொன்னார்களாம். நம்பாத அம்மா, அவித்த மரவள்ளிக்கிழங்கை இலையில் மடித்து மகளிடம் கொடுத்து, "ஓடு, அண்ணன் இன்னும் பசியாறல" என்றார். பாட்டிக்கு அப்போது பன்னிரண்டு வயசு. போய்ச் சேர்வதற்குள் பெட்டிகள் கிளம்பிவிட்டன.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பொட்டலத்தத் திருப்பி எடுத்துட்டு வந்தேன். அன்னிக்கு ராத்திரி யாரும் அதத் தொடல."

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை, அதுவும் நான் பெரியவனான பிறகு.

ரயில் நிலைய உணவைப் பற்றி எழுதும்போது 1938 எனக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. அதில் ருசி இருக்கிறது, வெற்றி இருக்கிறது. 1943க்கு அப்படி ஒரு வாசம் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே தண்டவாளத்தின் வரலாறு. பயணத்துக்கு முன்னால் நின்று, காசு கொடுத்து, பிடித்ததைத் தின்பது திரும்பி வரப்போகிறவருக்குக் கிடைக்கிற சௌகரியம். அந்தக் காலை அண்ணனுக்கு அது கிடைக்கவில்லை.

பாட்டி இப்போது இல்லை. போன வருஷம் குளுவாங்கிலிருந்து கிளம்பியபோது இரண்டு பன் வாங்கினேன். ஒன்றைக் கடையிலேயே தின்றேன். இன்னொன்றைத் தப்பாவ் பண்ணி மடியில் வைத்துக்கொண்டேன். பசிக்கவில்லைதான். இருந்தாலும், ரயில் ஏறுறவன் கையில் ஏதாவது இருக்கணும்.