கருத்துச் சுதந்திரம்: வன்னியின் கவிஞர் செல்வி

தியாகராஜா செல்வநிதி, எழுத்துலகில் செல்வி. வவுனியா மாவட்டத்துச் சேமமடுவைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பயின்றபடி ‘தோழி’ என்ற பெண்ணிய இதழை நடத்தினார். சீதனம், பாலியல் வன்முறை ஆகியவற்றை மேடைக்குக் கொண்டுவந்தார். 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகள் அவரைப் பிடித்துச் சென்றனர். 1992இல் அமெரிக்க பென் எழுத்தாளர் அமைப்பு எழுத்துச் சுதந்திரத்துக்கான விருதை அவருக்கு வழங்கியது. அவர் திரும்பவேயில்லை. விடுதலைக்காகப் போராடுவதாகச் சொன்ன இயக்கம் ஒரு மாணவியின் பேனாவுக்கு அஞ்சியது. போர்க்காலம் என்பது இதற்குச் சமாதானம் ஆகாது.

இலங்கை அரச தரப்பும் இதற்கு விலக்கல்ல. மன்னார்க் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம், தமது ‘நவரசம்’ கவிதைத் தொகுப்பில் மதத் தீவிரவாதம் இருப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதானார். அத்தொகுப்பிலோ தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் உண்டு. 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது.