தொழில்வழிச் சிகிச்சையாளரை எங்கே தேடுவது?

யுத்தத்தில் கையை இழந்தவர், ஷெல் துண்டினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர், தலைக்காயத்தால் ஒரு பக்கம் விளங்காமற் போனவர் எனப் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காயம் ஆறியதும் வைத்தியசாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் தாயின் அல்லது மனைவியின் வேலையாகிவிட்டது. இன்று அந்தத் தாய்மாருக்கும் வயதாகிவிட்டது.

இவர்களுக்கு உதவக்கூடிய ஒரு துறைதான் தொழில்வழிச் சிகிச்சை. இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, வேலைவாய்ப்புப் பயிற்சி என்று நினைத்துப் பலர் போகாமல் விடுகிறார்கள். பெயர் வைத்தவர்களைத்தான் குறை சொல்ல வேண்டும். இங்கே தொழில் என்பது நாளாந்தக் காரியங்கள்: சாப்பிடுவது, மலசலகூடம் போவது, சமைப்பது, பிள்ளையைத் தூக்குவது. இயன்மருத்துவர் தசைக்கும் மூட்டுக்கும் பலம் சேர்ப்பார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ, இருக்கும் பலத்தைக் கொண்டு காரியத்தை எப்படிச் செய்வது என்று பழக்குவார்.

ஒரு கை மட்டும் உள்ள பெண் கறிக்கு வெட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மரப்பலகையில் இரண்டு துருவேறாத ஆணிகளை அடித்து, அதில் கிழங்கைக் குத்தி வைத்தால் மற்றக் கை தேவையில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டுவதென்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பல வீடுகளில் மேசன்மார் நாலைந்து அடியில் முடித்துவிடுகிறார்கள். அதில் தனியே ஏற முடியாது, இறங்குவது ஆபத்து. படுக்கைப் புண் வராமல் எப்படிப் பாரத்தை மாற்றி இருப்பது, நாற்காலியை நெடுங்காலம் தள்ளித் தேய்ந்த தோள்மூட்டை எப்படிக் காப்பது என்பவற்றையும் இவர்கள் சொல்லித் தருவார்கள். காயப்பட்டுப் பதினைந்து, இருபது வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். பழைய காயக்காரரும் புதிதாகப் பழகலாம்.

முதலில் அரச வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை இலவசம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைகள் போன்ற பெரிய வைத்தியசாலைகளில் விசாரியுங்கள். சிறிய வைத்தியசாலையில் இந்தப் பதவி இல்லாவிட்டால், எங்கே இருக்கிறார் என்று கேட்டு, அங்கே அனுப்பும் கடிதத்தை வைத்தியரிடம் வாங்குங்கள். பழைய டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எதுவும் மிஞ்சவில்லையா? இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள். அதற்காகப் போகாமல் இருக்க வேண்டாம்.

செயற்கை அவயவம் தேவையானவர்கள் யாழ்ப்பாணத்தில் உள்ள ஜெய்ப்பூர் நிலையத்தை அணுகலாம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் மாங்குளத்தில் உள்ள உயிரிழை அமைப்பினரோடு பேசிப் பாருங்கள். அதை நடத்துபவர்களும் அதே பாதிப்புடன் வாழ்பவர்கள். எந்தச் சிகிச்சையாளர் உண்மையில் உதவினார் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

தனியாரிடம் போவதென்றால் தகுதியைக் கேட்டே ஆக வேண்டும். இந்தத் தொழிலைச் செய்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தையும் படித்த இடத்தையும் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையோடு சேர்ந்த பயிற்சிப் பாடசாலையில் டிப்ளோமாவும், களனிப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பும் உள்ளன. சில நாள் பயிற்சிப் பட்டறைச் சான்றிதழைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவர் சிகிச்சையாளர் அல்லர். கேட்பது மரியாதைக் குறைவும் அல்ல; தகுதியுள்ளவர் கோபிக்கமாட்டார்.

முதல் நாளிலேயே கவனியுங்கள். வீட்டில் கிணறா குழாயா, மலசலகூடம் எவ்வளவு தூரம், யார் உதவுகிறார்கள் என்று கேட்காமல் எண்ணெய் பூசித் தேய்த்து அனுப்புபவரிடம் இரண்டாம் முறை காசு கொடுக்காதீர்கள். அவர் சிங்களம் மட்டும் பேசுபவரானால், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மலசலம், தாம்பத்தியம் பற்றியும் பேச வேண்டி வரும் என்பதால், பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம்.

சக்கர நாற்காலி, கொமட் கதிரை, மலசலகூடத் திருத்தம் ஆகியவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் விண்ணப்பியுங்கள். அதற்கு முன், நாற்காலியின் அகலத்தையும் வாசலின் அளவையும் சிகிச்சையாளரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு பொருந்தாமல் வந்த நாற்காலிகள் எத்தனையோ வீடுகளில் கோடிப்புறத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன.