அயலவர் போட்ட வழக்கும் ரேஸ் காரின் சைலன்சரும்

திருகோணமலை உட்துறைமுக வீதியில பின்னேரம் ஒரு மோட்டார் சைக்கிள் வருதெண்டால், வண்டி கண்ணுக்குத் தெரிய முதலே சத்தம் வந்திடும். சைலன்சருக்குள்ள இருக்கிறதை எல்லாம் வெட்டி எடுத்துப்போட்டு வெறும் குழாயோட ஓடுற வண்டி அது. ஏன் இப்படி எண்டு கேட்டால், "ரேஸ் சவுண்ட்" எண்டு பதில் வரும்.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. பிரித்தானியாவிலயோ அமெரிக்காவிலயோ சனி, ஞாயிறுகளில் தங்கட சொந்தக் காசில கார் ஓடுற அமெச்சூர் ரேஸ்காரர் இந்தச் சத்தத்தோட போனால், பல தடங்களில் கேற்றுக்குள்ளேயே விடமாட்டாங்கள். ரேஸ் கார் சத்தம் போடத்தான் வேணும் எண்டு நாங்கள் நினைக்கிறம். ஆனா ரேஸின் வரலாறு கிட்டத்தட்ட தொடக்கத்திலிருந்தே சத்தத்தை அடக்கின வரலாறும்தான். அதைத் தொடக்கி வச்சவர்கள் பொறியியலாளர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்.

முதல் தடம், முதல் முறைப்பாடு

கார் ரேஸுக்கெண்டே கட்டப்பட்ட பழைய தடங்களில் பெயர் பெற்றது இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ். ஹியூ லொக் கிங் எண்டவர் தன்ர சொந்தக் காணியில் அதைக் கட்டினார். 1907 ஜூன் மாதம் திறந்தார்கள். அதே மாதக் கடைசியில் எஸ்.எஃப். எட்ஜ் எண்டவர் ஒரு நேப்பியர் காரில் 24 மணித்தியாலம் தொடர்ந்து ஓடிச் சாதனை செய்தார். அவரோட இன்னும் இரண்டு நேப்பியர் கார்களும் ஓடின. சைலன்சர் எண்ட பேச்சே பெரிசா இல்லாத காலம். விடிய விடிய அந்தச் சத்தத்தைக் கேட்ட அயலவர் சும்மா இருப்பார்களா? அதோட அங்க இரவு ஓட்டம் தடைப்பட்டது.

அந்தத் தடை எவ்வளவு உறுதியானது எண்டதுக்கு ஒரு சாட்சி இருக்கு. 22 வருசம் கழிச்சு, 1929இல், அங்க 24 மணித்தியாலப் போட்டி ஒண்டு வைக்க விரும்பினார்கள். இரவில் ஓட ஏலாது. அதால பகலில் 12 மணித்தியாலம் ஓடி, இரவு கார்களைப் பூட்டி வச்சு, அடுத்த நாள் இன்னொரு 12 ஓடினார்கள். போட்டியின் பெயரே "டபிள் ட்வெல்வ்".

இடையில, 1924இல், அயலவர் திரும்பவும் வழக்குக்குப் போயிருந்தார்கள். அதன் விளைவாத்தான் புரூக்லண்ட்ஸில் சைலன்சர் கட்டாயமாச்சு. பெரிய தகரப் பேணி மாதிரி ஒரு உருளை, பின்னால மீன்வால் மாதிரி விரிஞ்ச குழாய். இண்டைக்கும் பழைய கார் பிரியர்கள் அதை "புரூக்லண்ட்ஸ் கான்" எண்டுதான் சொல்லுறாங்கள்.

அந்த விதி எவ்வளவு சத்தம் எண்டு சொல்லவில்லை, எந்தச் சாமானைப் பூட்ட வேணும் எண்டுதான் சொன்னது. காரணம், அளக்க வழி இருக்கவில்லை. டெசிபெல் எண்ட பெயரையே அமெரிக்காவின் பெல் தொலைபேசி நிறுவனத்தார் 1920களில்தான் வச்சார்கள். காவிக்கொண்டு போற சத்தமானிகள் 1930களில் வந்தன. மானி வந்தபிறகுதான் விதி மாறினது: "இந்தப் பேணியைப் பூட்டு" எண்டது போய், "இந்த எண்ணைத் தாண்டாதே, எப்படிச் செய்யிறது உன்ர பாடு" எண்டு ஆச்சு.

எண் மட்டும் போதாது

பிரித்தானிய முறையில், காரை நிப்பாட்டி வச்சு, எஞ்சினை அதன் உச்ச வேகத்தில் முக்கால்வாசிக்கு ஏத்தி, குழாய் வாயிலிருந்து அரை மீற்றர் தூரத்தில் 45 பாகைச் சரிவில் மைக்கை வச்சு அளக்கிறார்கள். பல போட்டிகளில் எல்லை 105 டெசிபெல். அமெரிக்காவின் எஸ்.சி.சி.ஏ. அமைப்பு, தடத்தில் ஓடிக்கொண்டிருக்கிற காரை 50 அடி, அதாவது 15 மீற்றர், தூரத்திலிருந்து அளக்கும். அங்க எல்லை 103. இரண்டும் ஒண்டுதானே எண்டு நினைச்சிடாதேங்கோ. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க சத்தம் 6 டெசிபெல் குறையும். அரை மீற்றரில் 105 எண்டது 15 மீற்றரில் 75 அளவுக்கு இறங்கியிடும். ஓடுற கார் நிக்கிற காரை விடச் சத்தம் போடும் எண்டதைக் கழிச்சாலும் இது பெரிய வித்தியாசம். தூரம் சொல்லாத டெசிபெல் கணக்கு, படி சொல்லாத அரிசிக் கணக்கு மாதிரி.

கலிபோர்னியாவின் லகுனா செக்கா தடத்தில் பெரும்பாலான நாட்களில் 50 அடியில் 90, 92 எண்ட கடும் எல்லை. அங்க போறவர்கள் குழாய் வாயை மானி இருக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வளைச்சு விடுவதும் உண்டு. நேர்மையான வழிகளும் இருக்கு. ஓட்டை போட்ட உள்குழாயைச் சுத்திக் கண்ணாடிப் பஞ்சு அடைச்ச சைலன்சர் கூர்மையான சத்தத்தை விழுங்கும். அறை அறையாப் பிரிச்ச பெட்டி, அலையை அலையாலேயே மோத விட்டு அடித்தொண்டைச் சத்தத்தைக் குறைக்கும். பஞ்சு நாளடைவில் எரிஞ்சு போகும், மாத்த வேணும். பெட்டி போதிய அளவு பெரிசா இருந்தால் எஞ்சினின் இழுவை பெரிசாக் குறையாது. புகையை அடைக்கிறது வேற, சத்தத்தை அடக்கிறது வேற.

விமானத்தளம் தடமான கதை

போருக்குப் பிறகு ரேஸ்காரருக்கு ஒரு அதிர்ஷ்டம் அடிச்சது: கைவிடப்பட்ட விமான ஓடுபாதைகள். சில்வர்ஸ்டோன், குட்வுட் இரண்டும் அப்படித்தான் 1948இல் தொடங்கின. சென்னைக்குப் பக்கத்தில் சோழவரமும் போர்க்கால ஓடுபாதைதான். களுத்துறைக்குப் பக்கத்தில் கட்டுக்குருந்தையும் அதே. போர்க்காலத்தில் கட்டுக்குருந்தையும் எங்கட சீனக்குடாவும் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளங்கள். ஒண்டின் பெயர் எச்.எம்.எஸ். உக்குஸ்ஸா, மற்றதின் பெயர் எச்.எம்.எஸ். பம்பாரா. உக்குஸ்ஸாவின் ஓடுபாதை பின்னால ரேஸ் தடமாச்சு. பம்பாரா விமானப்படையின் கையிலேயே இருக்கு.

ஊர் வளர வளர இந்தத் தடங்களைச் சுத்தியும் வீடுகள் வந்தன. அதோட முறைப்பாடும் வந்தது. அமெரிக்காவின் லைம் ரொக் தடத்துக்கு எதிரில் ஒரு தேவாலயம். 1959இல் நீதிமன்றம் போட்ட தடையால் இண்டுவரை அங்க ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இல்லை. குட்வுட்டில் 1966இல் ரேஸ் நிண்டது. 1998இல் திரும்பத் திறந்தபோது சத்த எல்லைகளையும் நாள் கணக்கையும் ஏற்றுக்கொண்டுதான் திறந்தார்கள். சென்னை தீவுத்திடலைச் சுத்தி 2024 ஓகஸ்ட் 31, செப்டெம்பர் 1 ஆகிய நாட்களில் நடந்த ஃபோர்மியூலா 4 ஓட்டத்துக்கு முதலும் வழக்குகள் நடந்தன. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கெண்டது அந்த வாதங்களில் ஒண்டு.

இதிலிருந்து ஒண்டு தெளிவு. சத்த எல்லை ரேஸைக் கொல்லவில்லை. எல்லையை ஏற்றுக்கொண்டபடியால்தான் லைம் ரொக்கிலும் குட்வுட்டிலும் இண்டைக்கும் கார் ஓடுது.

எங்கட ஊர்க் கணக்கு

திருகோணமலையில் நிரந்தரத் தடம் ஒண்டு இல்லை. வேணும் எண்டு கேக்கிற பெடியள் இருக்கிறாங்கள். அந்த ஆசையில் பிழையில்லை. ஆனா இது சத்தத்துக்கு ஞாபகம் இருக்கிற ஊர். 1942 ஏப்ரல் 9 ஜப்பான் குண்டு போட்டதைப் பாட்டன் பாட்டி சொல்லிக் கேட்ட வீடுகள் இருக்கு. 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் ஷெல் விழுந்ததைத் தாங்களே கேட்டவர்கள் எங்கட அம்மா அப்பாமார். வெட்டின குழாயில் எரியாத எரிபொருள் பத்தி "பட், பட்" எண்டு வெடிக்கேக்க, ஓடுறவனுக்கு அது ஸ்டைல். ஒழுங்கைக்குள்ள இருக்கிற அன்ரிக்கு அது வேற ஒண்டு.

1996இல் வந்த இலங்கையின் சத்தக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதி, ஒரு இடத்தில் நடக்கிற வேலையின் சத்தத்தை அந்த இடத்தின் எல்லையில் அளக்குது. நகரசபை, மாநகரசபைப் பகுதிகளுக்குப் பகலில் 63 டெசிபெல், இரவில் 50. கணக்குப் போட்டுப் பாருங்கோ. அரை மீற்றரில் 105 போடுற ஒரு கார், திறந்த வெளியில் 63க்கு இறங்க 64 மீற்றர் வேணும். பத்துக் கார் சேர்ந்தால் 10 டெசிபெல் கூடும், அப்ப 200 மீற்றர். இரவு எண்டால் ஒரு காருக்கே 290 மீற்றர் அளவில் தேவை. முழு வேகத்தில் ஓடினால் இதிலும் கூட. தட்டையான கடல்நீர் சத்தத்தை உறிஞ்சாமல் திருப்பி அனுப்பும் எண்டதால துறைமுகக் கரையில் இன்னும் கவனம் வேணும்.

ஆக, ஊருக்கு வெளிய, பகலில் மட்டும், மானி வச்சு, இது நடக்கக்கூடிய காரியம்தான். ஒருநாள் நகரசபைக்கோ பிரதேச சபைக்கோ தடம் கேட்டுக் கடிதம் எழுதினால், எஞ்சின் வலுவையும் பரிசுத் தொகையையும் பிறகு எழுதலாம். எத்தனை டெசிபெல், எத்தனை மீற்றரில், எத்தனை மணிவரை: கடிதத்தின் முதல் வரியில் இது இருக்கட்டும். அயலவர் வழக்குப் போடும்வரை புரூக்லண்ட்ஸ் மாதிரி நாங்கள் காத்திருக்கத் தேவையில்லை.