மறந்துபோன வீரர் கற்கள்

மலருக்குக் கட்டுரை கேட்டு வந்தவர்கள், "சார், ஹாஸ்டல் சாப்பாடு பற்றி மட்டும் வேண்டாம், ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று எச்சரித்துவிட்டுத்தான் போனார்கள். ஆகவே கல்லூரி எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். ரோட்டோரம் எழுத்துள்ள கல் கிடந்தால் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற பழக்கம். வீட்டுக்காரிக்கு இதில் எவ்வளவு வருத்தம் என்பது தனிக்கதை.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை நம்மில் பார்க்காதவர் இருக்க முடியாது. கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போய், கறிவேப்பிலையிலிருந்து கல்யாணச் சாமான் வரை வாங்கிய கடைத்தெரு. அந்த மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-இல் தொடங்கிய முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது அதன் செய்தி. இதே வாசகத்தில் எண்ணிக்கையை மட்டும் மாற்றி, தமிழ்நாட்டில் பல ஊர்களில் வெள்ளைக்கார அரசாங்கம் கல் பதித்தது. சில இன்றும் கண்ணில் படுகின்றன. சில சுவரொட்டிக்கும் சுண்ணாம்புக்கும் கீழே போய்விட்டன.

அந்தக் கல்லை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்விதான் வரும். அந்த 14 பேர் யார்? பெயர் இல்லை. தகப்பன் பெயர் இல்லை. எந்தத் தெரு என்று இல்லை. நம் பக்கம் பட்டாளத்துக்குப் புதிதல்ல. கணியம்பாடி வட்டாரத்துக் கம்மவான்பேட்டையை இன்றும் ராணுவப்பேட்டை என்றுதானே சொல்கிறோம்? அப்படிப்பட்ட சீமையில், செத்தவனுக்குக் கிடைத்தது ஒரு எண். ஆனால் ஆரணியில் 1790-இல் இறந்த கர்னல் ராபர்ட் கெல்லி என்கிற துரைக்கு அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் நினைவுத்தூண் எழுப்பினார்கள், பெயரோடு.

இது வேலூரோடு நின்ற சங்கதியும் அல்ல. ஈராக்கில் பாஸ்ரா நினைவுச்சின்னம் என்று ஒன்று உண்டு. அன்று மெசபொடேமியா என்று சொன்ன அந்த நாட்டில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையும் போரிட்டது. கல்லறை தெரியாமல் மாண்ட 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான சின்னம் அது. வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் வெட்டினார்கள். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு ரெஜிமெண்ட் வாரியாக எண்ணிக்கை மட்டும். 1997-இல் சதாம் உசேன் உத்தரவின்பேரில் அந்தச் சின்னத்தை அப்படியே பெயர்த்து, நசிரியா போகும் சாலையில் சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி மறுபடி நிறுத்தினார்கள். அத்தனை கல்லையும் சுமந்து போய் வைத்தும், விடுபட்ட பெயர்கள் விடுபட்டவைதான். குறைந்தது 1,16,000 வீரர்களுக்கு, ஒருவேளை 3,50,000 பேர் வரைக்கும்கூட, பெயரிட்டோ முற்றாகவோ நினைவுச்சின்னம் இல்லாமல் விட்டுவிட்டோம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவிலும் மத்தியக் கிழக்கிலும் மாண்டவர்கள்.

இப்போது நம்ம மாவட்டத்துக்கே வருவோம்.

செங்கம் பக்கத்தில் ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே போர் நினைவுச்சின்னம் வைத்தார்கள். நடுகல் என்று தமிழ் வகுப்பில் படித்தோமே, அதேதான். ஒரு பலகைக்கல். அதில் வில்லும் வாளுமாக ஒரு வீரன். மேலே வட்டெழுத்தில் அரசன் பெயர், ஆட்சி ஆண்டு, செத்தவன் பெயர், எதற்காகச் செத்தான் என்ற விவரம், கடைசியில் "கல்" என்று முடியும். பெரும்பாலும் மாட்டுச் சண்டைதான். தொறு என்றால் மாட்டு மந்தை. பக்கத்து ஊர்க்காரன் மந்தையை ஓட்டிக்கொண்டு போவான், இவன் மீட்கப் போவான், அங்கே விழுவான்.

எடுத்தனூர்க் கல்லைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லுவேன். முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சி ஆண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவக்கத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். அவனோடு ஒரு நாய். அது கள்ளனைக் கடித்து, அங்கேயே காவல் இருந்தது. கல்லில் அந்த நாயின் உருவமும் உண்டு, பெயரும் உண்டு. கோவிவன். ஒரு நாயின் பெயரைக்கூட விடாமல் வெட்டிவைத்த ஊர் இது. மணிக்கூண்டுக் கல்லையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இந்தக் கற்களையும் நாம் ஒழுங்காக வைத்திருந்தோமா என்றால், இல்லை. வட்டெழுத்து வழக்கொழிந்தபின் படிக்க ஆளில்லை. புதரிலும் வயல் வரப்பிலும் கிடந்தன. தமிழ்நாடு தொல்லியல் துறை டாக்டர் இரா. நாகசாமி தலைமையில் இருந்தபோது, செங்கம் வட்டத்தில் ஊர் ஊராகத் தேடிப் படியெடுத்து, 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலாகக் கொண்டுவந்தார்கள். சங்க இலக்கியத்தில் கேள்விப்பட்ட நடுகல், ஆள் பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அந்த நூலில் கைக்குக் கிடைத்தது. 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த கற்களோ தமிழ் பிராமியில், இன்னும் பல நூற்றாண்டு முந்தியவை. அங்கேயும் மாட்டுச் சண்டைதான்!

படியெடுப்பது பெரிய வித்தை இல்லை, பொறுமை வேண்டும். கல்லைத் தண்ணீரும் பிரஷ்ஷும் வைத்து மண் போகக் கழுவ வேண்டும். நனைத்த தாளை மேலே விரித்து, பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். ஈரம் காயும் பக்குவத்தில் மைப்பொதியால் ஒற்றினால் பள்ளம் வெள்ளையாகவும் மீதி கறுப்பாகவும் தெரியும். ஆசையில் எனாமல் பெயிண்ட் அடிப்பவர்கள், எழுத்தை உளியால் 'எடுப்பாக்குபவர்கள்' இவர்களைவிடக் கள்ளனே மேல்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் எனக்கும் ஒரு கல் கிடைத்தது. ஊர்ப் பெயர் எழுதவில்லை, எழுதினால் கல் இருக்காது. சாலை அகலப்படுத்தியபோது ஜேசிபி புரட்டிப் போட்டதில் ஏரிக்கரைச் சரிவில் குப்புறக் கிடந்தது. நாலு பேர் கடப்பாரை போட்டுத் திருப்பினோம். இடுப்பில் குறுவாள், கையில் வில். எழுத்து பாதி தேய்ந்திருந்தது. இதை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினால் பத்திரம் என்று நான் பேசிக்கொண்டிருந்தபோது, தழை அறுத்துக்கொண்டிருந்த ஒரு ஆயா கிட்டே வந்தது.

"இன்னாபா, கல்ல எடுத்துக்கினு போவப் போறீங்களா?"

"ஆமா ஆயா. இங்க இருந்தா உடைஞ்சிடும்."

"அது எங்க வேடியப்பன்பா. ரோடு போட்டப்ப காணாப் போச்சுன்னு எங்க ஊட்ல அழுதோம். நீ வேலூருக்குக் கொண்டுபோயிட்டா நாங்க பொங்கல் எங்க வைக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. செங்கம், தருமபுரிப் பக்கமெல்லாம் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுவது புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் வட்டெழுத்து ஒன்றும் தெரியாத அந்த ஆயாதான், அந்த வீரனை இத்தனை காலமும் மறக்காதவர்களில் ஒருத்தி. தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள், மாணவர்கள் அவசியம் போய்ப் பார்க்க வேண்டும். கேட்பாரற்ற கல்லுக்கு அதுதான் சரியான இடம். கும்பிட ஆள் இருக்கிற கல்லைப் பெயர்ப்பது வேறு விஷயம்.

கடைசியில், விவரத்தை எழுத்து மூலமாக உரிய இடத்தில் கொடுத்துவிட்டு, ஊர்க்காரர்களிடமே விட்டோம். அரசமரத்தடியில் கருங்கல் மேடை கட்டி, கிழக்குப் பார்க்க நிறுத்தினார்கள். என்னுடைய நிபந்தனை ஒன்றுதான்: எழுத்தின்மேல் எண்ணெய் தடவக் கூடாது. மஞ்சளும் குங்குமமும் பாதத்தோடு சரி. ஆயா பேரன் அதைக் கண்காணிப்பதாகச் சொன்னான். அவன் இப்போது நம் கல்லூரியில்தான் வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறான். தேய்ந்த வரியில் ஒரு பெயரின் முதல் இரண்டு எழுத்து தெரிகிறது என்கிறான். சாய்வெயில் விழும் மாலை நேரத்தில் பார்த்தால் மூன்றாவதும் தெரியுமாம். தைப்பொங்கல் முடிந்ததும் தாளும் மையும் எடுத்துக்கொண்டு போகிறோம்.