நான்கு காபரேற்றர்களைச் சமப்படுத்துவது எப்படி?

1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டு வடக்கிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டபோது, எங்கள் கராஜ்களில் ஒரு தொழிலறிவு வளர்ந்தது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் அறிவு அது. சிறு போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளிகளைக் காட்டி எஞ்சினை இயக்கி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, புகையோடு புகையாக ஓடித் திரிந்தோம். காபரேற்றரைக் கழற்றி, ஊதிப் பூட்டி, சத்தத்தைக் கேட்டே திருகாணியை எங்கே நிறுத்துவது என்று சொல்லக்கூடியவர்கள் சந்திக்குச் சந்தி இருந்தார்கள். அவர்களிடம் தொழில் பழகியவர்கள் பலர் இன்றும் கராஜ் வைத்திருக்கிறார்கள். ஒரு சிலிண்டரும் ஒரு காபரேற்றரும் உள்ள வண்டிக்கு அந்தக் காது இப்போதும் போதும். நான்கு சிலிண்டர் வண்டி வந்து நின்றால் போதாது.

நான்கு சிலிண்டர்கள் குறுக்காக வரிசையில் நிற்கும் எஞ்சினைப் பெருந்தொகையாக உற்பத்தி செய்து பரவலாக்கியது 1969 இல் வெளிவந்த ஹொண்டா சிபி750. அதன் முதல் வண்டிகளில் கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் நான்காகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனிக் காபரேற்றரை இழுத்தது. கேபிள்கள் சமமாக நீள்வதில்லை. நாலு மாடுகளை ஒரே கயிற்றில் கட்டி இழுத்த கதைதான். விரைவிலேயே ஹொண்டா அதைக் கைவிட்டு, நான்கையும் ஒரே தண்டில் பொருத்தியது. இன்று எங்கள் வீதிகளில் காணும் ஹோர்னெட் 250, ஜேட் 250, பண்டிட் 250, பலியஸ் போன்றவற்றிலும் காபரேற்றர்கள் ஒரே வரிசையாகப் பிணைக்கப்பட்டே இருக்கின்றன. ஆனாலும் ஒன்றுக்கொன்று இடையே நுண்ணிய சரிசெய்யும் திருகாணிகள் உண்டு. காலப்போக்கில் தேய்மானத்தால் அந்தச் சமநிலை குலையும். நான்கையும் பிரித்துக் கழுவிப் பூட்டினால் கட்டாயம் குலையும்.

இதன் தன்மையை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கைப்பிடியைத் திருகாமல் விட்டிருக்கும்போது, காபரேற்றருக்குள் இருக்கும் வட்டத் தகடு மயிரிழை அளவுதான் திறந்திருக்கும். அந்த மயிரிழையில் ஒரு சிறு வேறுபாடு வந்தாலும் ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்று மற்றதைவிட ஒன்றரை மடங்காகிவிடலாம். முழுதாகத் திறந்து ஓடும்போது அதே வேறுபாடு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே நோய் தெரிவது குறைந்த வேகத்தில்தான். சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் உதறும், வேகம் ஏறி இறங்கும், கைப்பிடியை விட்டதும் வேகம் தணியத் தாமதிக்கும், மெதுவாகப் போகும்போது வண்டி இடித்து இடித்துப் போகும். வேகமெடுத்ததும் எல்லாம் மறைந்துவிடும். வேகத்திலும் உதறினால் குறையை வேறு இடத்தில் தேடுங்கள்.

இனி, காது ஏன் போதாது? ஹோர்னெட் 250 இன் ஒரு சிலிண்டர் 62 சிசி அளவுதான். நின்ற நிலையிலேயே எஞ்சின் நிமிடத்திற்கு 1,500 சுற்று அளவில் ஓடும். சிவப்புக் கோடு 16,000 இல். நான்கு சிலிண்டர்களின் சத்தமும் ஒரே குழாய்க்குள் கலந்து வெளிவருகிறது. அதில் மூன்றாவது மட்டும் சோம்பியிருக்கிறது என்று காதால் பிரித்தறிய எந்த விண்ணனாலும் முடியாது. செய்யக்கூடியது ஒன்றுதான்: ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை உறிஞ்சும் விசையை அளந்து, நான்கையும் ஒன்றாக்குவது. தகடு கூடுதலாக மூடியிருந்தால் உறிஞ்சல் கூடும், திறந்திருந்தால் குறையும்.

ஆனால் அளக்கும் கருவியை எடுக்குமுன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. இங்கேதான் பலரின் பணம் வீணாகிறது. வால்வு இடைவெளி பிழையாக இருந்தால் உறிஞ்சலும் பிழையாகவே காட்டும். அதைக் காபரேற்றரால் ஈடுசெய்தால் ஒரு பிழைக்கு மேல் இன்னொரு பிழை. 16 வால்வுகள் உள்ள எஞ்சினில் அது நேரமெடுக்கும் வேலைதான், என்றாலும் முதலில் அதுவே. அடுத்து, காபரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் நான்கு ரப்பர்க் குழாய்கள். பழைய வண்டிகளில் இவை இறுகி வெடித்திருக்கும். எஞ்சின் ஓடும்போது அவற்றைச் சுற்றிச் சிறிது தண்ணீர் விசிறுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் அங்கே காற்று புகுகிறது. காற்று வடிகட்டி, பிளக் என்பவற்றைச் சொல்லத் தேவையில்லை.

ஒரு சிலிண்டர் முற்றாகவே வேலை செய்யவில்லையா என்று அறிய எளிய வழி உண்டு. குளிர்ந்த எஞ்சினை இயக்கி, அரை நிமிடத்தில் நான்கு புகைக்குழாய்களின் மேற்பகுதியிலும் ஒவ்வொரு துளி தண்ணீர் விடுங்கள். மூன்றில் துளி சீறி ஆவியாகி, ஒன்றில் மட்டும் வழிந்தோடினால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை. அதற்குச் சமப்படுத்தல் மருந்தல்ல. பெரும்பாலும் குறைவேகத்திற்கான சிறு ஜெற் அடைபட்டிருக்கும். அதன் துளை 0.4 மில்லிமீற்றரிலும் குறைவு. 2022 இல் எரிபொருள் இல்லாமல் வரிசையில் நின்று, பின்னர் கியூஆர் அட்டைக்கு வாரம் 4 லீற்றர் என்று வாங்கிய நாட்களில் இப்படியான வண்டிகள் மாதக்கணக்கில் மூலையில் நின்றன. உள்ளே தேங்கிய பெற்றோல் காய்ந்து பசையாகினால் முதலில் அடைபடுவது இந்தத் துளைதான். அதை உருக்குக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெருத்துவிடும். மீன்வலைத் தங்கூசித் துண்டு போதும்.

தங்கூசிக்கு இன்னொரு பயனும் உண்டு. காபரேற்றர் வரிசை கழன்று மேசையில் இருக்கும்போதே ஒரு முதற்கட்டச் சமப்படுத்தலைச் செய்துவிடலாம். மெல்லிய தங்கூசித் துண்டை வட்டத் தகட்டின் ஓரத்தில் வைத்து, அது மெல்லப் பிடிபட்டு இழுத்தால் வரும் அளவுக்கு ஐடில் திருகாணியைத் திருகுங்கள். பின் மற்ற மூன்றிலும் அதே துண்டு அதே இறுக்கத்தில் வரும்படி இடைத் திருகாணிகளைச் சரிசெய்யுங்கள். இதைக் கவனமாகச் செய்தவருக்கு, எஞ்சினில் பூட்டியபின் மிச்சமிருக்கும் வேலை சிறிதே.

அளக்கும் கருவிக்கு வருவோம். நான்கு உறிஞ்சல் மானிகள் கொண்ட தொகுதி கடைகளில் கிடைக்கிறது. பழைய பட்டறைகளில் இரசம் நிரப்பிய நான்கு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். இரசம் துல்லியமானது, ஆனால் வேண்டாம் என்பேன். அதன் ஆவி நஞ்சு, அலுமினியத்தையும் அரிக்கும், கைப்பிடியைச் சட்டென்று திருகினால் குழாயிலிருந்து எஞ்சினுக்குள்ளேயே போய்விடவும் கூடும்.

கையில் பணமில்லாத இளம் மெக்கானிக்கிற்கு வேறு வழி இருக்கிறது. மேசன்மார் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தெளிந்த குழாயை அறிவீர்கள். அதே தத்துவம்தான். ஐந்தாறு மீற்றர் நீளமான தெளிந்த மெல்லிய குழாயை ஒரு பலகையில் ‘ப’ எழுத்தின் வடிவில் கட்டி, அடிப்பகுதியில் ரூ-ஸ்ரோக் எண்ணெய் விட்டு, இரண்டு முனைகளையும் இரண்டு சிலிண்டர்களின் உறிஞ்சல் துவாரங்களில் பொருத்துங்கள். உறிஞ்சல் கூடிய பக்கம் எண்ணெய் ஏறும். இரண்டு மட்டமும் ஒன்றானால் இரண்டு சிலிண்டரும் ஒன்று. இரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு பாரமானது. எண்ணெயோ தண்ணீரிலும் இலேசு. ஆகவே இரசத்தில் 2 சென்ரிமீற்றராகத் தெரியும் வேறுபாடு எண்ணெயில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றராகத் தெரியும். இரண்டு அல்லது மூன்று சென்ரிமீற்றர் இரச வேறுபாட்டைப் பல கைநூல்கள் ஏற்றுக்கொள்கின்றன. அந்தக் கணக்கில், சில நூறு ரூபாக் குழாய் விலை கூடிய மானியைவிட நுணுக்கமாகக் காட்டும்.

எண்ணெய் துள்ளாமல் இருக்க முனைகளில் குழாயை நெரித்துவிட வேண்டும். சேலைன் குழாயில் இருக்கும் சிறு உருளைப் பூட்டு இதற்கு நன்றாகப் பொருந்தும். மருந்தகத்தில் புதிதாக வாங்குங்கள். வைத்தியசாலைக் கழிவில் எடுக்க வேண்டாம். சேலைன் குழாய் எங்களில் பலருக்கு வேறு இடங்களை நினைவூட்டும். கராஜிலும் அதற்கொரு பயன் இருக்கட்டும். இரண்டு முனைகளும் இறுகப் பூட்டிய பிறகே எஞ்சினை இயக்குங்கள். ஒரு முனை கழன்றால் மற்றச் சிலிண்டர் எண்ணெயை ஒரே இழுப்பில் குடித்துவிடும். ரூ-ஸ்ரோக் எண்ணெயாக இருந்தால் கொஞ்சம் புகைத்துவிட்டு ஓயும். அதற்காகவே தண்ணீரைத் தவிர்த்து அந்த எண்ணெயைச் சொன்னேன்.

வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கராஜில் எஞ்சின் ஓடினால் காபனோரொட்சைட்டு நிறையும். மணமில்லாத அந்த வாயு ஆளைக் கொல்லும். பெற்றோல் தாங்கியைத் தூக்க வேண்டியிருப்பதால், தனிப் போத்தலில் பெற்றோல் எடுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, சூடான குழாய்களில் சிந்தாதபடி இணையுங்கள். பெற்றோல் வால்வு உறிஞ்சலால் திறக்கும் வகையானால், அதற்குப் போகும் குழாயின் துவாரத்தையும் மூடிவிட வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி நன்றாகச் சூடேற்றிய எஞ்சினே சரியான அளவைக் காட்டும். அதன்பின் நின்றபடி ஓடுவதால் முன்னால் ஒரு மின்விசிறியை வையுங்கள்.

சிலிண்டர்களை எண்ணுவது இருக்கையில் அமர்ந்தவரின் இடப்பக்கத்திலிருந்து. பல வண்டிகளில் திருகாணிகள் மூன்று: ஒன்றையும் இரண்டையும் சமப்படுத்த ஒன்று, மூன்றையும் நான்கையும் சமப்படுத்த ஒன்று, இந்த இரண்டு சோடிகளையும் தமக்குள் சமப்படுத்த நடுவில் ஒன்று. அந்த ஒழுங்கிலேயே செய்ய வேண்டும். நடுவிலுள்ளதை முதலில் தொட்டால் சுற்றிச் சுற்றி அதே இடத்திற்கு வருவீர்கள். வேறு சில வண்டிகளில் ஒரு காபரேற்றருக்குத் திருகாணியே இராது. அதுதான் அடிப்படை, மற்ற மூன்றையும் அதற்குச் சமமாக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கால் சுற்றிலும் குறைவாகத் திருகி, கைப்பிடியை ஒருமுறை மெல்லத் திருகிவிட்டு, மட்டம் அமர்ந்தபின் பாருங்கள். ஸ்குறூட்ரைவரின் அழுத்தமே தகட்டை அசைக்கும் என்பதால், கையை எடுத்தபின் தெரிவதே உண்மையான அளவு. இடையிடையே ஐடில் வேகத்தையும் உரிய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய ஒற்றைக் காபரேற்றர்ப் பழக்கம் காலை வாருவது ஓரிடத்தில்தான். பெற்றோலும் காற்றும் கலக்கும் அளவைத் தீர்மானிக்கும் திருகாணி வேறு. அது ஒவ்வொரு காபரேற்றரிலும் தனியாக இருக்கும். சமப்படுத்தும் திருகாணி இரண்டு காபரேற்றர்களுக்கு இடையில் இருக்கும். உதறலைக் கேட்டுக் கலவைத் திருகாணியைக் காதால் திருகத் தொடங்கினால், நாலும் நாலு திசையில் போய்விடும். பின்னர் முழுவதையும் கழற்றாமல் மீள முடியாது. சமப்படுத்தி முடியும்வரை அதைத் தொடவேண்டாம்.

இந்த வேலையை நன்றாகச் செய்பவர் அதிகம் இல்லாததால், நல்ல எஞ்சின் உள்ள வண்டிகள்கூட உதறுகிறது என்ற ஒரே காரணத்தால் மலிவாகக் கைமாறுகின்றன. தொழில் பழகும் பிள்ளைகளுக்கு இதில் வருமானமுண்டு. காபரேற்றர் போய் எரிபொருள் உட்செலுத்தும் முறை வந்த நான்கு சிலிண்டர் வண்டிகளிலும் காற்றுத் தகடுகள் நான்குதான். அவற்றைச் சமப்படுத்துவதும் இதே உறிஞ்சலை அளந்துதான்.

முடிந்ததும் பூட்டுநட்டு உள்ள இடங்களில் அதை இறுக்கி, இறுக்கியபின் மட்டத்தை மறுபடி பாருங்கள். இறுக்கும்போது திருகாணி சற்று நகரும். குழாய்களைக் கழற்றி, நான்கு துவாரங்களுக்கும் ரப்பர் மூடிகளைத் திரும்பப் போடுங்கள். வெடித்த மூடியானால் புதிது போடுங்கள். ஒரு மூடி விடுபட்டாலும் அந்தச் சிலிண்டர் காற்றை இழுக்கும். வண்டி வந்தபோது இருந்த அதே உதறலோடுதான் திரும்பிப் போகும்.