தரங்கம்பாடியின் நினைவு நாள்களும் காலக் கணிப்பும்

வரலாற்று நிகழ்ச்சி ஒருமுறையே நிகழ்வது. நாளோ ஆண்டுதோறும் மீண்டு வருவது. ஒருமுறை நிகழ்ந்ததனை மீண்டு வரும் நாளோடு பிணைத்துப் போற்றும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ஆயின், 'அந்நாள்' எனப்படுவது எந்நாள், எவர் கணிப்பின்படி அமைந்த நாள் என்னும் வினாவை நாம் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரையில் அமைந்த தரங்கம்பாடி இவ்வினாவை ஆராய்தற்கு மிகவும் ஏற்ற ஊராகும். அங்குப் பல்வேறு காலக் கணிப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன.

அவ்வூரின் பழைமைக்குச் சான்றாக நிற்பது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியனின் 37ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அவ்வூரைச் சடங்கன்பாடி என்ற குலசேகரன்பட்டினம் எனக் குறிக்கின்றது. 1305ஆம் ஆண்டினை ஒட்டியது அக்கல்வெட்டு என்பர். ஆனால் கல்வெட்டினைப் பொறித்தோர் அவ்வாண்டு எண்ணை அறியார். அவர்தம் ஆண்டு மன்னன் முடிசூடிய நாளிலிருந்து எண்ணப்படுவது; மன்னன் மறையின் எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே, நூற்றாண்டு விழா என்னும் கருத்துக்கு அக்கணிப்பில் இடமில்லை. அக்காலத்தார் ஆண்டுதோறும் போற்றியது திங்களையும் நாண்மீனையும் ஆகும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனுக்கு ஐப்பசிச் சதயத்தன்று விழா எடுக்கும் இக்கால வழக்கமும் அம்மரபினை ஒட்டியதே.

இனி, தரங்கம்பாடியின் பெயரை உலகறியச் செய்த நாளினைக் காண்போம். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருக்கும், டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்தியானின் சார்பில் வந்த ஓவே கெட்டே என்பாருக்கும் உடன்படிக்கை ஏற்பட்ட நாள் 1620 நவம்பர் 19 என வரலாற்று நூல்கள் கூறும். அதன் பயனாக எழுந்ததே டான்ஸ்போர்க் கோட்டை. டேனியர் அக்காலத்தில் பின்பற்றியது பழைய ஜூலியன் கணிப்பாகும். 1582இல் திருத்தி அமைக்கப்பெற்ற கிரெகோரியன் கணிப்பினை அவர்கள் ஏற்றது 1700ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு பிப்ரவரி 18ஆம் நாளை அடுத்து மார்ச்சு முதல் நாள் வந்தது. எனவே, அவர்கள் 1620இல் நவம்பர் 19 என எழுதிய நாள் இன்றைய கணிப்பில் நவம்பர் 29 ஆகும். அதே நாள் தமிழ்க் கணிப்பில் ரௌத்திரி ஆண்டு, கார்த்திகைத் திங்களின் பிற்பகுதியில் விழும். அக்கார்த்திகை நாளே இக்காலத்தில் டிசம்பர் முதல் வாரத்தில் வருகின்றது. நமது ஆண்டு நாண்மீன்களை அளவாகக் கொண்டமையின் கிரெகோரியன் ஆண்டினும் சிறிது நீண்டது என்பதே காரணம். ஆகவே, 2020இல் நானூறாம் ஆண்டினைக் கொண்டாட விழைந்தார்க்கு மூன்று நாள்கள் உரியனவாக இருந்தன. மூன்றும் தத்தம் நெறியில் சரியானவையே.

இவ்வேறுபாடுகளுக்கிடையே மாறாது நிற்பது ஒன்று உண்டு. அதுவே கிழமை. எக்கணிப்பினைக் கொள்ளினும் அந்நாள் ஞாயிற்றுக்கிழமையே. ஆதலின், ஆவணங்களில் கிழமை குறிக்கப்பட்டிருப்பின் அதனை விடாது படியெடுத்தல் ஆராய்ச்சியாளர் கடன். நாள் எண்ணில் ஐயம் நேர்ந்தவிடத்துத் தீர்ப்பு வழங்கும் சான்று அதுவே.

அடுத்து, 1706 சூலை 9. சீகன்பால்கு, புளூட்சோ என்னும் செருமானியர் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கிய நாள் அது. தமிழ் அச்சு வரலாற்றில் அந்நாளுக்குத் தனியிடம் உண்டு. அவ்வூர் அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சிட்டு முடிக்கப்பெற்றதனை யாவரும் அறிவர். அப்பொழுது டேனியர் புதிய கணிப்பிற்கு மாறிவிட்டனர். ஆங்கிலேயரோ 1752 வரை பழைய கணிப்பினையே கொண்டிருந்தனர். அதனால் தரங்கம்பாடியில் சூலை 9 ஆக இருந்த நாள், சென்னைக் கோட்டையில் சூன் 28 ஆகும். ஒரே கடற்கரையில் பதினொரு நாள் இடைவெளி! தரங்கம்பாடிக்கும் சென்னைக்கும் இடையே சென்ற கடிதங்களைக் காலமுறைப்படி அடுக்கப் புகுவோர் இதனை மறப்பின், விடை முன்னும் வினா பின்னுமாக அடுக்கி இடர்ப்படுவர்.

ஈண்டுச் சுவையான ஒற்றுமை ஒன்றனையும் சுட்டல் தகும். 1706ஆம் ஆண்டு சூலை தமிழ்க் கணிப்பில் விய ஆண்டு ஆனித் திங்கள். முந்நூறு ஆண்டுகள் அறுபது ஆண்டுச் சுழற்சியின் ஐந்து சுற்றுகள் ஆதலின், 2006இல் முந்நூறாம் ஆண்டு நிறைவுற்றபொழுது அதே விய ஆண்டு, அதே ஆனித் திங்கள் மீண்டு வந்தது. இருநூறாம் ஆண்டாகிய 1906இல் இப்பொருத்தம் இல்லை. அது பராபவ ஆண்டு. மேலை நாட்டார் நூறு நூறாக எண்ணுகின்றனர். நாம் அறுபது அறுபதாக எண்ணினோம். இரண்டும் அரிதாகவே ஒன்றுகூடும்.

இதனால் பெறப்படுவது யாது? தரங்கம்பாடியின் நினைவு நாள்களுள் புகழ்பெற்றவை வந்தவர்தம் நாட்குறிப்புகளைக் கொண்டு அமைந்தவை. நாயக்க மன்னர் டேனிய மன்னருக்குப் பொன்னேட்டில் தமிழில் வரைந்தனுப்பிய மடல் இன்றும் கோபன்கேகனில் உள்ள அரசு ஆவணக் களரியில் காக்கப்படுகின்றது. உடன்படிக்கைக்கு இருதரப்பு உண்டு என்பதற்கு அவ்வேடே சான்று. நினைவிலும் இருதரப்பு இருத்தல் வேண்டும். அதற்கு வழிகாட்டி நம்மிடமே உளர். 1736இல் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, ஐரோப்பியத் தேதியையும் தமிழ் ஆண்டு, திங்கள், நாள், கிழமை ஆகியவற்றையும் சேர்த்தே எழுதினார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அம்முறையினை மேற்கொள்ளல் நன்று. ஆவணத்தில் உள்ள தேதியைத் திருத்துதல் கூடாது; அது எக்கணிப்புக்கு உரியது என்பதனை உடன் குறித்தலே வேண்டுவது.

இறுதியாக ஒரு நாள். 2004 டிசம்பர் 26, தாரண ஆண்டு மார்கழி 11, ஞாயிற்றுக்கிழமை, நிறைமதி நாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை தரங்கம்பாடி உள்ளிட்ட கடற்கரை ஊர்களில் பல உயிர்களைக் கொண்டு சென்றது. இறந்தார்க்குத் திங்களும் திதியும் நோக்கிக் கடன் செய்யும் மரபுடைய இல்லங்கள் நம் நாட்டில் பல. ஆயினும், இக்கடற்கரை மக்கள் டிசம்பர் 26 என்னும் தேதியையே பொதுநாளாகக் கொண்டு, கடலில் பாலூற்றி மலர் தூவுகின்றனர். இந்துவும் கிறித்தவரும் இசுலாமியரும் ஒருங்கே துயருற்ற நாளுக்கு, அனைவர்க்கும் பொதுவான கணிப்பு தேவைப்பட்டது போலும்.

முன்னைய நாள்களை ஆவணங்கள் நமக்கு அறிவித்தன. இந்நாளினை மக்கள் தாமே தேர்ந்து கொண்டனர். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து இதனை ஆராயப் புகுவோர்க்கு ஐயம் நேராதிருத்தற்பொருட்டே, மேலே ஆண்டும் திங்களும் கிழமையும் மதிநிலையும் ஒருங்கே குறித்தனம். நாளினைப் போற்றுதல் மக்கள் கடன். அந்நாள் எதுவெனப் பிழையின்றி எழுதி வைத்தல் நம்மனோர் கடன்.